எழுவான் பக்கத்துப் பிரேக்

போன வெள்ளிக்கிழமை எங்கள் காரைச் சேர்விசுக்கு விட்டிருந்தோம். கார் என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். பென்சன்காரர் இரண்டு பேர் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிற சின்னக் கார்தான்.

முன் பிரேக் தேய்ந்துவிட்டதாம். கராஜில் இருந்த இளைஞர் கையில் ஒரு டெப் கணினியை வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, இதே கார்ல கொஞ்சம் கூடின கிரேட் ஒண்டு வந்ததுதானே... அதின்ர பிரேக் கலிப்பர் பெரிசு. அதைக் கழட்டி இதுக்குப் போட்டா என்ன?"

அந்த இளைஞர் அனுதாபத்தோடு சிரித்தார். "அங்கிள், அது வேற கிரேட். வெளியால பார்க்க ஒண்டு மாதிரித்தான் இரிக்கும். மாத்திப் போட்டாப் பொருந்தாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பாவம் அந்தப் பிள்ளை, தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துத் திரும்பவும் டெப்பைத் தட்டத் தொடங்கியது.

ஏன் சிரித்தோம்? அதை அவருக்குச் சொல்ல எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல இந்தப் பக்கம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் கல்லடியில் குடியிருந்தோம். பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். இவர் — ஊரில் குணம் என்றால் தெரியும் — ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞர். வாய்க்கால், மதகு, கட்டடம்... எதற்கென்றாலும் பிளான் கீறுகிற வேலை.

இவரிடம் ஒரு கார் இருந்தது. சிவப்பு. இரண்டே இரண்டு கதவு. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாடு போன ஒரு டொக்டர் விற்றுவிட்டுப் போனது. எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே இவர் அதை வாங்கிவிட்டார். அதாவது, அந்த வீட்டுக்கு அது மூத்தவள். நான் இரண்டாவதாக வந்தவள்.

கல்யாணத்தன்று நான் அதில் ஏறிய காட்சியை ஊர் இன்னும் மறக்கவில்லை. பொம்பிளையும் மாப்பிள்ளையும் பின்சீட்டில்தான் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம். பின்சீட்டுக்குக் கதவு எங்கே இருக்கிறது? முன்சீட்டை மடித்து, கூறைச் சேலையைச் சுருட்டிப் பிடித்து, குனிந்து, தவழ்ந்து... கொண்டை கூரையில் இடித்துச் சரிந்துவிட்டது. இவர் வெளியே நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இவர் எப்போதும் சிரிப்பார். அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. பிறகு அதுதான் எனக்குப் பிடிக்காமலும் போனது.

யுத்த காலத்து மட்டக்களப்பில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? நல்ல கேள்வி. ஏழு வருடம் நானும் அதைத்தான் கேட்டேன். அது ஓடக்கூடிய வேகத்தில் கால்வாசி ஓடுவதற்குக்கூட எங்களிடம் ஒரு வீதி இருக்கவில்லை. போகிற வழியெல்லாம் ஆமிச் சென்றி. தார்ப்பீப்பாய்களில் மண்ணை நிரப்பி அடுக்கி, வீதிக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். வாகனம் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆட்கள் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், நடக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டினால்? அதை யாரும் அங்கே எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது பிரேக்குக்கு வருவோம். சில்லோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டுச் சுற்றும். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைக்குத்தான் கலிப்பர் என்று பெயர். நாம் பெடலை மிதித்தால் குழாயில் இருக்கிற எண்ணெய் போய் அந்தக் கையை இறுக்கும். அவ்வளவுதான். இதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. ஆனால் யுத்தம் எங்களை என்னவெல்லாம் படிக்க வைத்தது!

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளைப் பிரியம். முன்சில்லுகளின் கலிப்பர் இரண்டும் துருப்பிடித்து இறுகிக்கொண்டே வந்தன. ஒன்று அறவே செத்துவிட்டது. இவர் அந்தச் சில்லுக்குப் போகிற குழாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"மூண்டு சில்லு பிடிக்குதுதானே புள்ள. ஓட்டோவுக்கு மொத்தமே மூண்டுதான்!"

சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு. அந்த ஏழு வருடத்தில் நாங்கள் கும்பிடாத கோயில் இல்லை, குடிக்காத மருந்து இல்லை. ஆறாம் மாதக் கிளினிக்கில் டொக்டர் அம்மா முகத்தைச் சுருக்கினார்.

"பிரஷர் கூட இருக்கு. எட்டாம் மாசத்துக்குப் பிறகு எந்த நேரமும் ஓடி வரவேண்டி வரலாம். வாகனம் இருக்கா?"

"சொந்த வாகனம் இரிக்கி டொக்டர். ஸ்போர்ட்ஸ் கார்!" என்றார் இவர்.

டொக்டர் அம்மாகூடச் சிரித்துவிட்டார். அன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் அது நடந்தது.

பாலத்தடிச் சென்றி. இவர் பிரேக்கை மிதித்தார். கார் ஒரு பக்கமாக இழுத்தது. திரும்ப மிதித்தார். கோடு எங்களுக்குக் கீழே போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுக்க, ஒரு காரின் நீளம் தாண்டிப் போய்த்தான் நின்றது.

மண் மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மூன்று துவக்கு. மூன்றும் எங்கள் கண்ணாடியைப் பார்த்து. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். கையால் பொத்தினால் என்ன பயன் என்று விஞ்ஞான டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பொத்தினேன்.

இவர் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "பிரேக், மாத்தயா, பிரேக்!" என்று சிங்கள மரியாதையோடு சொன்னார். சிரித்துக்கொண்டு!

இறங்கச் சொன்னார்கள். காரைத் திரும்பக் கோட்டுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார்கள். நான் உள்ளே இருக்க, இவர் தனியாகக் காரைப் பின்னுக்குத் தள்ளினார். முதுகுக்குப் பின்னால் ஒருவன் துவக்கோடு நடந்து வந்தான். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவருடைய முகம் தெரிந்தது. வேர்வை. பல் முழுக்கச் சிரிப்பு.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம், சத்தியமாக, அந்த ஆமிக்காரர்மேல் இல்லை. இவர்மேல்தான். உயிர் போகிற இடத்தில் ஒரு மனிதருக்கு எப்படிச் சிரிப்பு வரும்? இவருக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாதா? பயம் இல்லாத ஒருவரை நம்பி எப்படிப் பிள்ளை பெறுவது?

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "பிரேக் சரி வரும்வரைக்கும் நான் இதில ஏற மாட்டன். நீங்களும் ஏறக்கூடாது. எனக்குப் பிள்ளையும் வேணும், பிள்ளைக்கு அப்பாவும் வேணும்."

இவர் சைக்கிளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

வேறு வாகனம் கிடையாதா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் இரண்டு ஓட்டோ இருந்தன. ஏதும் வெடித்துச் சந்தி அடைபட்டால் இரண்டும் மறைந்துவிடும். சொந்த வாகனத்தில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போனால் எப்படியும் விடுவார்கள். ஆகவே இரண்டு மாதத்துக்குள் கலிப்பர் வேண்டும்.

கொழும்புக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மொடலுக்குச் சாமான் வருவது எப்போதோ நின்றுவிட்டதாம். அப்போதுதான் கந்தோரில் கூட வேலை செய்த ஓட்டமாவடிக்காரர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். அவர்களுடைய ஊரில் ஒரு ஹாஜியாரின் நெல் மில் வளவில் இதே கார் கிடக்கிறதாம். ஆனால் இது சாதாரண கிரேட், அது ஜீ.டீ.யாம்.

ஜீ.டீ.! அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதும் இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடினரிக் காருக்கு ஜீ.டீ. பிரேக் என்றால், கிளாக்கருக்கு டைரக்டர் கதிரை கிடைத்த மாதிரி.

அந்த நாட்களில் தமிழ் ஊரார் முஸ்லிம் ஊருக்குப் போவதென்றாலும், அவர்கள் இங்கே வருவதென்றாலும் இரண்டு தரம் யோசிப்பார்கள். இரண்டு பக்கமும் கலவரத்தில் பறிகொடுத்தவர்களை அடக்கம் பண்ணிய வீடுகள் இருந்தன. இவரும் யோசித்தார். பிறகு ராசு பாஸைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ராசு பாஸ் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கொட்டில் போட்டு உழவு டிரக்டர் திருத்துகிறவர். சொந்த ஊர் வெல்லாவெளி. பிரச்சினையில் குடும்பத்தோடு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர். டிரக்டரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லுவார். கலிப்பரை மட்டும் அதுவரை தொட்டதில்லை.

இன்னொன்று. அவர் இடது, வலது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. எங்கள் பகுதியில் எல்லோரும் ஊரைத்தான் அப்படிச் சொல்வார்கள். ராசு பாஸ் வாகனத்தையும் அப்படித்தான் சொல்லுவார். "எழுவான் பக்கத்து நட்டை இறுக்குங்க", "படுவான் பக்கத்து டயருக்குக் காத்துக் காணாது" என்பார். அவருடைய கொட்டிலில் எல்லா வாகனமும் வடக்குப் பார்த்தே நிற்கும். ஆகவே ஒருநாளும் பிழைத்ததில்லை.

ஓட்டமாவடிக்கு நான் போகவில்லை. ஆனால் இவர் சொல்லிச் சொல்லி, நானும் போய்வந்த மாதிரித்தான்.

தென்னை மரங்களுக்குக் கீழே அந்தக் கார். அதே உருவம், அதே சிவப்பு. எஞ்சினைக் கழற்றி வள்ளத்துக்குப் பூட்டப் பார்த்திருக்கிறார்கள், அது சரிவரவில்லை. எஞ்சின் பக்கத்தில் இருந்த சாமான் எல்லாம் அதோடு போய்விட்டன. சில்லுகளும் பிரேக்கும் மட்டும் அப்படியே இருந்தன.

இவர் பையிலிருந்து ட்ரேசிங் பேப்பர் ஒன்றை எடுத்தார். எங்கள் காரில் கலிப்பர் பூட்டுகிற இரண்டு ஓட்டையையும் அளவு பிசகாமல் கீறிக் கொண்டுபோயிருந்தார். அதை ஜீ.டீ.யில் வைத்துப் பார்த்தார். கன கச்சிதம்! இரண்டு ஓட்டையும் ஒன்றின்மேல் ஒன்று.

ஆனால் கலிப்பர் பெரிது. எங்கள் சில்லுக்குள் அடங்காது. அப்படியென்றால் தட்டும் வேண்டும், சில்லும் வேண்டும். பாருங்கள், ஒன்றை மேல் கிரேட்டுக்கு ஏற்றினால் கூட இருக்கிற எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு புதுச் சோபா வாங்கிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஹாஜியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மகன் சவூதியிலிருந்து வந்து ஆசைப்பட்டு வாங்கிய கார். மகன் திரும்பப் போய்விட்டான்.

"என்னத்துக்குத் தம்பி ஒரு பழைய காருக்கு இவ்வளவு பாடு? இந்த ரோட்டெல்லாம் தாண்டி வந்திரிக்கீங்க..."

"பிள்ளை பிறக்க இரிக்கி ஹாஜியார். ஏழு வரிசத்துக்குப் பிறகு. பிரேக் இல்லாம சென்றியால கொண்டுபோக ஏலாது."

ஹாஜியார் மில் பக்கம் திரும்பி, "அந்தக் கார் தூக்குற ஜக்கைக் கொண்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாராம்.

"கழட்டுங்க தம்பி. இதில கேக்கிறதுக்கு என்ன இரிக்கி? புள்ளைக்குத்தானே. அல்லாஹ் லேசாக்குவான்."

ஒரு சதம் வாங்கவில்லை. இவர் மட்டும் சும்மா வருவாரா? புதிதாகக் கட்டவிருந்த நெல் ஸ்டோருக்கு அங்கேயே அளந்து, பிறகு வீட்டில் இருந்து பிளான் கீறி அனுப்பினார்.

ராசு பாஸ் கலிப்பர் இரண்டையும் கழற்றி, மாறிவிடக் கூடாது என்று சோக்கட்டியால் ஒன்றில் 'எ' என்றும் மற்றதில் 'ப' என்றும் எழுதினார். எழுவான், படுவான். நல்ல பொறுப்பான வேலைதான்... இல்லையா?

ஹாஜியாரின் மில் லொறியிலேயே எல்லாம் வந்து சேர்ந்தன. எங்கள் கார் கொட்டிலில் ஏறியது. துருப்பிடித்திருந்த பழைய கலிப்பர்களை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. இனித் திரும்பிப் போக வழியில்லை. 'எ'யை எழுவான் பக்கம், 'ப'வைப் படுவான் பக்கம். புதுச் சில்லு பூட்டியதும் கார் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பிறகு பெடலை மிதித்தார். பெடல் அடிமட்டும் போய்விட்டது.

"எயார் நிக்கிது சேர்," என்றார் ராசு பாஸ். குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். தொடங்கினார்கள்.

"மிதிங்க... பிடிங்க... விடுங்க!"

மூன்று நாள். "மிதிங்க, பிடிங்க, விடுங்க." தெருவே மனப்பாடம் பண்ணிவிட்டது. பிரேக் ஒயில் ஒரு போத்தல் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. பெடல் மட்டும் மாறவில்லை. பஞ்சை மிதிக்கிற மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் ராசு பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சேர், இது ஜீ.டீ. கலிப்பர். நம்மட காரில ஒயிலைத் தள்ளுற பம்ப் ஓடினரி. இந்தப் பம்ப் அந்தக் கலிப்பருக்குக் காணாது போல. ஜீ.டீ. பம்ப்தான் வேணும்."

ஜீ.டீ. பம்ப் எங்கே? எஞ்சினோடு சேர்ந்து எப்போதோ போய்விட்டது. பழைய கலிப்பர்? வெட்டியாகிவிட்டது. எனக்கு எட்டாம் மாதம் பிறந்து ஒரு கிழமை. கால் வீங்கியிருந்தது, தலை இடித்தது.

"பரவால்ல புள்ள," என்றார் இவர். "உன்னை உள்ளுக்கு வெச்சு ஆஸ்பத்திரி மட்டும் தள்ளிக்கிட்டுப் போறன். எனக்குத்தான் தள்ளிப் பழக்கம் இரிக்கே!"

சிரிப்பு. அப்போது எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. எழுவது அவ்வளவு லேசில்லாததால் அப்படியே இருந்தேன். கொட்டிலில் ஒரு கதிரையில் இருந்து எட்டாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை படிப்பித்தது காற்று. போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் காற்று எங்கே நிற்கும்? முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பத்தாறு பேர் சரியாக எழுதியிருந்தார்கள்.

ராசு பாஸ் திரும்பவும் மண்ணில் படுத்து, கன்னம் நிலத்தில் முட்ட, கலிப்பரின் அடியில் இருந்த நிப்பிளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாஸ்," என்றேன். "பின்சில்லில அந்த நிப்பிள் எங்க இரிக்கி?"

"மேல டீச்சர்."

"முன்னால ஏன் கீழ இரிக்கி?"

"அது ஜீ.டீ. டீச்சர். ஜீ.டீ.க்கு அப்பிடித்தான்."

"காத்துக்கு ஜீ.டீ. எண்டா என்ன, ஓடினரி எண்டா என்ன? அது மேலதானே போகும்? கீழ திறந்தா ஒயில்தான் வரும். காத்து மேல நிண்டு உங்களைப் பார்த்துக்கிட்டு இரிக்கும்."

ராசு பாஸ் மெதுவாக எழுந்து இருந்தார். கலிப்பரைப் பார்த்தார். "அப்ப இது தலைகீழாகவா நிக்கிது? எப்பிடி டீச்சர்? மாறினாத்தானே தலைகீழாகும்? மாறல்லியே. இந்தா பாருங்க, 'எ' எழுவான் பக்கம்தான் இரிக்கி!"

எழுத்தும் சரி. பக்கமும் சரி. அப்படியென்றால்?

இவர் கையில் இருந்த சாவியைக் கீழே வைத்தார். "பாஸ்... ஹாஜியார்ர கார் எங்க பார்த்து நிண்டது?"

"மில்லைப் பார்த்து."

"மில் எந்தப் பக்கம்?"

"தெற்க."

"நம்மட கார்?"

ராசு பாஸ் வானத்தைப் பார்த்தார். தன் கொட்டிலைப் பார்த்தார். "வடக்க..." என்றார். பிறகு, "ஆண்டவனே!" என்றார்.

விளங்குகிறதா? தெற்குப் பார்த்து நிற்கிற காருக்குக் கிழக்குப் பக்கம் இடது கை. வடக்குப் பார்த்து நிற்கிற காருக்கு அது வலது கை. இடது கலிப்பர் வலதிலும், வலது கலிப்பர் இடதிலும் ஏறி, இரண்டும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. உலகத்தில் வேறு எந்த ஊர் மெக்கானிக்கும் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. வாவியை நடுவில் வைத்து வாழ்கிறவர்களுக்கு மட்டுமே இது சாத்தியம்.

ராசு பாஸ் மெல்லக் கேட்டார். "அப்ப சேர்... காரை ஒருக்காக் கிறுக்கித் திருப்பி மற்றப் பக்கம் பார்த்து விட்டாச் சரி வராதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி இவரும் அதை யோசித்தார்! எந்தப் பிளான் கீறினாலும் முதலில் மூலையில் வடக்குக் காட்டும் அம்பைப் போடுகிற மனிதர் இவர். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுக்குள் இருந்ததும் ஓர் உதை விட்டது.

ஒரு மணித்தியாலத்தில் மாற்றிப் பூட்டினார்கள். நிப்பிள் மேலே வந்தது. திறந்ததும் புசு புசு என்று காற்று வந்தது. பெடல் காலுக்குக் கீழே கல்லு மாதிரி நின்றது. வளவுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள்; தொட்ட இடத்தில் நின்றது. ராசு பாஸ் எனக்கு முன்னால் வந்து, "டீச்சர், நான் இனிக் காருக்கு மட்டும் இடது வலது எண்டு எழுதுறன்," என்றார். பாவமாக இருந்தது. "எழுவான் படுவானும் எழுதுங்க பாஸ். கார் எங்க பார்த்து நிக்கிது எண்டதையும் சேர்த்து எழுதுங்க," என்றேன்.

இரண்டு கிழமை கழித்து, என்னை ஆஸ்பத்திரி வாட்டில் வந்து சேரச் சொன்ன நாள். காலை ஒன்பது மணி. பையில் வெள்ளைத் துணி, பிளாஸ்க், கிளினிக் காட். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி என்னை ஏற்றினார். வழியெல்லாம் பேச்சு. ஜீ.டீ. புராணம்தான். பாலத்தடி வந்தது. அதே பீப்பாய்கள், அதே கோடு.

கோட்டுக்கு இன்னும் நாற்பது அடி இருக்கும்போதே கார் நின்றுவிட்டது.

"பார்த்தியா புள்ள? நிண்டிச்சா? தொட்டவுடன நிண்டிச்சா?" ஒரே சிரிப்பு.

"சரி, போங்க. கோடு அங்க இரிக்கி."

கார் அசையவில்லை. மண் மூட்டைப் பக்கம் நின்றவன் கையைக் காட்டி, "இஸ்ஸரஹட்ட!" என்று கத்தினான். முன்னுக்கு வா என்கிறான். கார் அசையவில்லை. இன்னொருவன் எட்டிப் பார்த்தான். தோளில் கிடந்த துவக்கு கைக்கு வந்தது.

"இஞ்ச பாருங்க, கூப்பிடுறாங்க. ஏன் நிக்கிறீங்க?"

இவருடைய முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் கீழே பார்த்தேன். வலது கால் பெடலை அடியோடு மிதித்துக்கொண்டிருந்தது. முழங்காலிலிருந்து தொடைவரை நடுங்கியது. காற்சட்டைத் துணியே படபடத்தது.

"சாந்தி," என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "கால் எழும்புதில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துவக்குக்கு முன்னால் காரைத் தள்ளிய அன்றைக்கும் இந்தக் கால் இப்படித்தான் நடுங்கியிருக்கும். நான் கண்ணாடியால் முகத்தை மட்டும்தானே பார்த்தேன்? பயமே இல்லாத மனிதர் என்று இரண்டு மாதமாக இவர்மேல் கோபத்தோடு இருந்தேன். பயம் இல்லாமல்தான் ட்ரேசிங் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனாரா? எங்கள் இரண்டு பேருக்காகவும் இவர் பட்ட பயம் முழுவதும் அந்த ஒரு காலில் இருந்தது. அந்த நிமிடம் இவர்மேல் எனக்கு வந்த அன்பு, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

வயிறு தடுக்கத் தடுக்கக் குனிந்து, முழங்காலில் கையை வைத்தேன்.

"பிரேக் பிடிக்கிது. நான் பார்த்தன். இனி மெல்ல விடுங்க. நான் கையை எடுக்க மாட்டன்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கால் எழுந்தது. கார் நகர்ந்தது. கோட்டைத் தொட ஓரடி இருக்கும்போது நின்றது. அந்த ஆமிக்காரன் உள்ளே குனிந்து பார்த்தான். என் வயிற்றைப் பார்த்தான், இவருடைய காலைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கவும் சொல்லவில்லை. போ என்று கையைக் காட்டினான்.

மறுநாள் மத்தியானம் மகள் பிறந்தாள். இரண்டு உயிரும் சுகம்.

பயம் இல்லாத மனிதர் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவரும் அதை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வாயில், கோபமாக வரும். என் வீட்டுக்காரருக்கு வலது காலில்.

இன்றைக்கும் இவர் காரணம் இல்லாமல் பலமாகச் சிரித்தால், நான் முகத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை... குனிந்து காலைத்தான் பார்ப்பேன்.